ஐந்தடி வாசல்

வாப்பாவின் சட்டைப் பையில் செல்பேசி மூன்றாம் முறையாக அடித்தது. ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு நஸீஹா வராந்தாவுக்கு வந்தாள். உள்ளே குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"வந்து சேந்ததும் போன் போடுன்னு அய்யா சொன்னாக. பார்க்கு வாசல்லதான் நிக்கிறேன்" என்றது ஒரு குரல்.

விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்பே வாப்பா மௌத்தாகிவிட்டார் என்று சொன்னாள். எதிர்ச்சாரியில் கம்பி வெட்டும் மெஷினோடு நின்ற வெல்டர், போனைக் காதில் வைத்தபடியே திரும்பி, வீட்டு முன்னால் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டார்.

பூங்கா வாசலை மறித்து நின்ற அந்தக் கம்பிகளைப் போடவைத்ததே வாப்பாதான். சவூதியிலிருந்து திரும்பிய புதிதில், பூங்காவுக்குள் பைக் ஓட்டுகிறவர்களைத் தடுக்க நகராட்சிக்கு நடையாய் நடந்து, ஒரு ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையும்படி வளைகம்பி வாங்கினார். போன வருடம் பக்கவாதம் வந்தது. சக்கர நாற்காலி அந்த வளைவில் திரும்பவில்லை. "ஜெயிலக் கட்டுனவனும் நான்தான், வெளிய கெடக்குறவனும் நான்தான்" என்று சிரித்தவர், வாசலை அகலமாக்கிக் காவலாளி போடச் சொல்லி மறுபடி மனு எழுதினார். இம்முறை இடது கையால். அதற்குத்தான் இன்று நகராட்சி ஆள் அனுப்பியிருந்தது.

சர்க்கரைக்காக உம்மா தினமும் ஐந்து சுற்று நடக்க வேண்டும். வாப்பா கம்பிக்கு வெளியே காத்திருப்பார். மூன்றாவது சுற்றில் உம்மா கம்பிக்கு உள்ளே நின்று பேச ஆரம்பித்துவிடுவாள். மீதி இரண்டு சுற்றும் பேச்சிலேயே போகும்.

அந்தக் கம்பி அப்படியே நின்றால், கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த பிறகும் உம்மா பூங்காவில் கால் வைக்கமாட்டாள் என்று நஸீஹாவுக்குத் தோன்றியது.

இன்று விட்டால் மெஷின் திருவாடானைக்குப் போய்விடும், திரும்ப எப்போது வரும் என்று தனக்கே தெரியாது என்றார் வெல்டர். வாப்பாவின் தம்பி ஹசன் அலி சாச்சா ஒத்துக்கொள்ளவில்லை. "மய்யித்து வீட்டு முன்னால இரும்பு அறுக்குறதா? ஊரு என்ன பேசும்?"

அவர் சொன்னதிலும் தவறில்லை. நஸீஹா உள்ளே போய் உம்மாவின் காதருகே குனிந்து சொன்னாள். உம்மா வாப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"லுஹர் தொழுகைக்குத் தூக்கிருவாங்க. ஆம்பளைங்க பள்ளிக்கும் கபர்ஸ்தானுக்கும் போயிட்டு வர ஒண்ணர மணி நேரமாவும். அதுவரைக்கும் வீட்ல பொம்பளைங்கதான இருக்கோம்." என்றாள் உம்மா. "சத்தத்த நம்ம கேட்டுக்குவோம். அந்த வெல்டர இருக்கச் சொல்லு."

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டில் ஒரு பொட்டலம் வெல்டருக்கும் போனது.

மய்யித்தைச் சுமந்த சந்தூக்கு தெருமுனையில் திரும்பியது. கலிமாச் சத்தம் தேய்ந்து அடங்கியது. பத்து நிமிடம் பொறுத்து மெஷின் அலறியது. பெண்களில் ஒருத்திகூட எழவில்லை. குரலைக் கூட்டி ஓதினார்கள்.

ஆண்கள் திரும்பி வந்தபோது வெல்டர் வெட்டிய இடங்களில் அரம் போட்டுக்கொண்டிருந்தார். சாச்சா நின்று பார்த்தார். குனிந்து, தரையில் கிடந்த கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

"எத்தன அடி?" ஜன்னலோரம் இருந்தபடி உம்மா கேட்டாள்.

"அஞ்சுன்னாங்கம்மா."

"ரெண்டு பேரு சேந்து போலாம்."

எதிரே ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து பூங்கா வாசலில் தயங்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தையை இறக்கக் கை நீட்டியவள், கையை இழுத்துக்கொண்டு, அப்படியே உள்ளே உருட்டிப் போனாள்.