உள்ளங்கை அகலத்தில் தோடி

“இன்னொரு தடவை” என்று அடைக்கலராஜ் கேட்டது நாற்பத்து மூன்றாவது முறை. நாகஸ்வரக்காரர் சுடலைமுத்து வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தோடி ராகத்தில் அதே பிடியை மறுபடி பாடினார். அதே பிடி என்பது அவருடைய எண்ணம்.

“அண்ணே, இப்போ வேற மாதிரி பாடினீங்க.”

“அதையேதான் பாடினேன் மாஸ்டர்.”

“முன்னாடி அந்தக் காந்தாரம் இவ்வளவு ஆடலையே.”

“முன்னாடி வாயில வெத்தலை இல்லீங்க.”

அடைக்கலராஜ் சுரம் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கடித்தார். திருச்சியில் அப்துல் மாலிக் வைத்திருந்த பேண்டு செட்டுக்கு அவர்தான் மாஸ்டர். இருபது வருஷமாக, கப்பலில் வந்த வெள்ளைக்காரன் மார்ச் மெட்டுகளைப் பிரித்து, இன்ன வாத்தியத்துக்கு இன்னது என்று எழுதிக்கொடுத்தே அவருக்கு விரல் கோணிவிட்டது. தாமே ஒன்றை அமைப்பது இதுதான் முதல் தடவை. லால்குடி மாப்பிள்ளை அழைப்புக்குத் தோடி கேட்டிருந்தார்கள். “வெள்ளிக்கிழமை தோடி கேக்கலேன்னா, அடுத்த மாசம் தஞ்சாவூர் மாஸ்டரை வரச்சொல்லிடுவேன்” என்று மாலிக் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் நடத்திவிடுவார்.

நடந்துகொண்டே வாசிப்பவர்களுக்கு வாத்தியத்தில் செருகிக்கொள்ள உள்ளங்கை அகல அட்டைதான். அதில் எட்டு வரி கொள்ளும். காந்தாரத்தின் ஒரு ஆட்டத்துக்கே ஐம்பத்திரண்டு கறுப்புப் புள்ளிகள் ஆயின. வெல்லக்கட்டியை எறும்பு மொய்த்தது போல அட்டை கறுத்துப்போனது. அப்படி, ஊதுகிற ஒன்பது பேருக்கும் ஒன்பது அட்டை.

வியாழக்கிழமை ஒத்திகையில் ஒன்பது பேரும் அட்டையைப் பார்த்து ஊதினார்கள். பொன்மலையில் ஒன்பது ரயில் எஞ்சினுக்கு ஒரே சமயத்தில் விக்கல் எடுத்த மாதிரி இருந்தது.

சுடலைமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மரியாதையாகக் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். இது இங்கிலீஷ் பாட்டுங்களா?”

அந்தக் கூச்சலுக்குள் ஒரே ஒரு கிளாரினெட் மட்டும் தோடி வாசித்திருந்தது. அடைக்கலராஜ் தேடிப்போய்ப் பார்த்தார். குத்புதீன்.

“பாய், அட்டை தலைகீழா இருக்கு.”

“இருக்கட்டும் மாஸ்டர். அதைப் படிக்க எனக்கு என்னிக்குத் தெரிஞ்சுது? அண்ணன் பாடுறப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.”

அடைக்கலராஜுக்கு வந்த ஆத்திரத்தில் மலைக்கோட்டை இரண்டு அங்குலம் நகர்ந்திருக்கும். எழுதாமல் விட்டதுதான் தோடியாக வந்திருக்கிறது. அதை எங்கே போய்ச் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலையில் எட்டுப் புது அட்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் முட்டை மாதிரி ஒரே ஒரு வட்டம் போட்டார், சுருதிக்கு ஷட்ஜம். மூச்சு உள்ளவரை பிடிக்க வேண்டியது. தீர்ந்தால் பக்கத்து ஆள் பிடிக்க வேண்டியது. குத்புதீனுக்கு அட்டை இல்லை.

சாயங்காலம் லால்குடித் தெருவில் எட்டுப் பேர் கன்னம் உப்ப அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்து நின்றார்கள். குத்புதீன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் கார் நின்றது. மாலிக் கூட்டத்துக்குள்ளிருந்து அடைக்கலராஜைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எல்லாருக்கும் முன்னால், தாளம் காட்டும் பித்தளைப் பூண் போட்ட கோலை உயர்த்தியபடி நின்றார் அடைக்கலராஜ். ஆலாபனைக்குத் தாளம் கிடையாது. கோலை எந்த இடத்தில் இறக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை. பெரிய டிரம் அடிக்கிறவர் அந்தக் கோல் நுனியையே பார்த்துக்கொண்டு, ஓங்கிய கையோடு காத்திருந்தார்.