தைலம்மாளைக் காட்டிய முள்

1987 அக்டோபரிலிருந்து கச்சிராயபாளையத்தில் திசைகாட்டி முள் வடக்கைக் காட்டவில்லை. தைலம்மாளைக் காட்டியது. முதலில் கவனித்தவர் துணிக்கடைக்காரர். தொழுவதற்குக் கடையின் பின்புறம் இடம் ஒதுக்கிய அவர் மெக்காவின் திசை பார்க்கத் தரையில் திசைகாட்டியை வைத்தார். அது பக்கத்துத் தெருவில் ஒரு கூரை வீட்டைக் காட்டியது. கெட்டுப்போனது என்று நினைத்துக் கள்ளக்குறிச்சியில் வேறொன்று வாங்கினார். வாங்கிய இடத்திலேயே அது மேற்கே, கச்சிராயபாளையத்தின் பக்கம் திரும்பி நின்றது. பள்ளிக்கூடத்தில் நூலில் தொங்கிய சட்டக்காந்தமும் அந்த வீட்டையே காட்டியது. அவள் கரும்புக்கொல்லைக்குப் போனால் அதுவும் கொல்லைப் பக்கம் திரும்பியது. அறிவியல் வாத்தியார் சில நாள் பாடத்தை நிறுத்தினார். பிறகு வடக்கு என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு நடத்தினார். காந்தம் மெல்ல நகர்ந்தால், தைலம்மா டவுன் பஸ் ஏறிட்டாங்க என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

அவளுடைய புருஷன் கொளஞ்சியப்பன். செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு அவர்களுடைய சாதிச் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்தபோது, அவன் மற்றவர்களோடு போய் ஒரு புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தான். மூன்றாம் நாள் போலீஸ் வந்து வீடு வீடாக ஆண்களைத் தேடியது. கொளஞ்சியப்பன் கோடாலியைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினான். போகும்முன் பெண்டாட்டியிடம் சொன்னது கொஞ்சம்தான்.

"அவனுங்க இருக்கிற வரிக்கும் உன் மஞ்சச் சேலைய கூரை மேல போட்டு வை. போனதும் எடுத்துடு. மேல இருந்து பாத்துக்கினு இருப்பேன். மஞ்ச தெரியலன்னா எறங்கி வந்துடுறேன். யார் கிட்டயும் சொல்லாத, எங்க அண்ணங்கிட்ட கூட."

அவள் சொல்லவில்லை. போலீஸ் வண்டி போன அன்று காலையிலேயே ஏணி வைத்து ஏறிச் சேலையை எடுத்தாள். அன்று மதியம் அவனுடைய அண்ணன் நாராயணசாமி சங்கத்துப் பையன்களோடு வந்து, மறியலில் போலீஸ் சுட்டுச் செத்தவர்களின் நினைவாகத் தெருவில் வீட்டுக்கு வீடு கழி நட்டு, வேட்டி அகலத்துக்கு மஞ்சள் கொடி ஏற்றினார். தைலம்மாள் வீட்டில் மட்டும் வேண்டாம் என்றாள். புருஷன் வராத வீடு என்று அவரும் விட்டுவிட்டார். அவள் சோறு வடித்துவிட்டுக் காத்திருந்தாள். கொளஞ்சியப்பன் வரவில்லை. அந்த வாரத்தில்தான் துணிக்கடைக்காரர் திசைகாட்டியைத் தரையில் வைத்தார்.

ஒரு மாதம் பொறுத்தபின் அவள் தேடப் போனாள். வெள்ளிமலையில் கேட்டாள். கரியாலூர்ச் சந்தையில் கேட்டாள். கடுக்காய் பொறுக்குகிறவர்களையும் தேன் எடுக்கிறவர்களையும் கேட்டாள். ஊரை ஒட்டிய கோமுகி அணைக்கு மேலே இருக்கும் சரிவில் மட்டும் தேடவில்லை. அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறவன் வராமல் இருக்க மாட்டான் என்று நினைத்தாள். மழை வந்தது, கரும்பு வெட்டினார்கள், மறுபடி நட்டார்கள். எண்பத்தொன்பதில் இருபது விழுக்காடு இட ஒதுக்கீடு அறிவித்தபோது நாராயணசாமி வெளுத்த கொடிகளை இறக்கிப் புதுக்கொடிகளை ஏற்றினார். தெருமுனையில் செத்தவர்களுக்கு ஒரு கல் நட்டார்கள். கொளஞ்சியப்பன் பெயருக்கு அதில் இடம் விட்டு வைத்தார்கள்.

"பதினாறாம் நாள் காரியம் பண்ணாம கல்லுல பேர் போட முடியாது, தைலம்மா," என்றார் நாராயணசாமி. "நீ கழுத்துல கட்டிக்கினு திரியற. நான் இன்னான்னு சொல்லி கல்தச்சன கூப்பிடுறது?"

"செத்தாருன்னு யாராவது பாத்தாங்களா, மாமா?"

"உசுரோட பாத்தவங்க இருக்காங்களா?"

தைலம்மாள் தாலியைக் கழற்றவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு தை கழிந்து பிலிப்பு வந்தார். ரிஷிவந்தியம் பக்கத்தில் பிறந்தவர். பூமியின் காந்தத்தை அளக்கும் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. அந்தக் காந்தம் ஓர் இடத்தில் நிற்பதில்லை, ஆண்டுதோறும் கொஞ்சம் நகர்கிறது. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய இடத்துக்கே போய் அளந்து, வரைபடத்தில் கோடுகளைத் திருத்த வேண்டும். கோமுகி அணைக்கருகில் அவருடைய அலுவலகத்தார் பல ஆண்டுகளுக்கு முன் நட்ட அளவுக்கல் ஒன்று இருந்தது. அதன் மேல் பித்தளைக் கருவியை வைத்தார். அளக்கிறவன் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. சாவி, கைக்கடிகாரம், ஆணி அடித்த செருப்பு எல்லாவற்றையும் தூரத்தில் வைத்தார். பெல்ட்டுக்குப் பதில் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தார். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்த பெண்கள் சிரித்தார்கள்.

"பேண்ட்டுக்குக் கயிறு கட்டிக்கினு இன்னா சார் அளக்குறீங்க?"

முள் வடக்கே நிற்கவில்லை. களையெடுக்கும் வரிசையில் ஒருத்தி நகர நகர அதுவும் நகர்ந்தது. பிலிப்பு அவளைக் கூப்பிட்டு இரும்பை எடுத்துவிடச் சொன்னார். தைலம்மாள் களைக்கொத்தை வரப்பில் வைத்தாள். கொண்டை ஊசியை எடுத்தாள். முள் அவளை விட்டு அசையவில்லை.

"தாலி இருக்குது சார். அத கழட்ட மாட்டேன்."

"பொன்ன முள் பாக்காதும்மா."

"சார், அது தைலம்மாதான்," என்றாள் வரிசையில் இன்னொருத்தி. "அவ போற பக்கந்தான் திரும்பும். உங்க மிஷின் நல்லாத்தான் கீது."

பிலிப்பு அன்று கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனார். அவள் மறியலைச் சொன்னாள், மலையைச் சொன்னாள், சேலையைச் சொல்லவில்லை. ஒரே முனையுள்ள காந்தம் உலகத்தில் கிடையாது, உடைத்தாலும் துண்டுக்கு இரண்டு முனை வந்துவிடும் என்றார் பிலிப்பு. முள் அவளைக் காட்டுகிறதென்றால் அவள் ஒரு முனை. இன்னொன்று எங்கோ இருக்க வேண்டும்.

"இருக்காரா, சார்?"

"முனை இருக்குதுன்னுதாம்மா என்னால சொல்ல முடியும்."

கண்டுபிடிக்கும் வழியையும் சொன்னார். மேலும் கீழும் சாயும் முள் ஒன்று அவரிடம் உண்டு. மலையை இடம் இடமாக அதனால் அளந்துகொண்டு போனால், அந்த முனை இருக்கும் இடத்துக்கு மேல் முள் நட்டுக்குத்தாக நின்று தரையைக் காட்டும். ஒரு நிபந்தனை இருந்தது. அவள் நகர்ந்தால் மலை முழுதும் கோடுகள் நகர்ந்துவிடும். அவர் அளக்கும் நேரமெல்லாம் அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டரை வருஷம் தேடி அலைந்தவள் உட்கார்ந்தாள். வீட்டு நடுவில் ஒரு மணை போட்டு, காலையில் பிலிப்பு அணையைக் கடந்தது முதல் பொழுது சாயும்வரை அதில் இருந்தாள். மாசி போனது, பங்குனி போனது. அக்கம்பக்கத்தார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் கூலி நின்றது. தெரு அவளுக்கு முறை வைத்துக் கூழ் ஊற்றியது. ஒருநாள் மாடு கன்று போடத் திணறியபோது கொட்டகைக்கு ஓடினாள். மலையில் முள் சுழன்றது. பிலிப்பு அன்றைய அளவுகளை அடித்துவிட்டு, அதே இடங்களுக்கு மறுநாளும் ஏறினார். அதன்பின் கூரைக்குள் பாம்பு வந்தபோதுகூட அவள் எழவில்லை. பாம்பு மணையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. நாராயணசாமி வாசலில் நின்று, குந்திக்கினே இருந்தா எங்க தம்பி வந்துடுவானா என்று கேட்டார். ஆனால் கன்றுக்கு வைக்கோல் போட்டுவிட்டுத்தான் போனார்.

சித்திரையில் முள் நட்டுக்குத்தாக நின்றது. வெள்ளிமலையில் இல்லை, கரியாலூரில் இல்லை. அணைக்கு மேலே, முதல் சரிவில், உண்ணிச்செடி மூடிய ஒரு பாறைத் தட்டில். பிலிப்பு செடியை விலக்கவில்லை. இறங்கி வந்து அவள் வாசலில் நின்று, எழுந்திருக்கலாம் என்றார்.

நாராயணசாமியையும் சேர்த்து மூவரும் ஏறினார்கள். நாராயணசாமி செடியை வெட்டினார். கொளஞ்சியப்பன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபடி எலும்பாக இருந்தான். அரைஞாண் கயிற்றில் அவள் கட்டிய வெள்ளித் தாயத்து இருந்தது. வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. பத்தடிக்குக் கீழே மாடு மேய்க்கிறவர்கள் நடக்கும் பாதை. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். ஏன் கூப்பிடவில்லை என்று நாராயணசாமி அழுதுகொண்டே எலும்பைக் கேட்டார்.

தைலம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தாள். கீழே அணை தெரிந்தது. கரும்பு தெரிந்தது. அதைத் தாண்டித் தெரு. அங்கிருந்து எது அவள் வீடு, எது பக்கத்து வீடு என்று பிரிக்க முடியவில்லை. தெரு முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்தது.

"சேலைய நான் எடுத்துட்டேன்," என்றாள். எலும்பிடம்தான் சொன்னாள். "அவனுங்க போன அன்னைக்கே எடுத்துட்டேன்."

என்ன சேலை என்று நாராயணசாமி கேட்டார். அவள் முழுவதும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் தெருவைப் பார்த்தார். மஞ்சளெல்லாம் அவர் ஏற்றிய கொடி.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

"நான் சொல்லல, மாமா."

பிலிப்பு கொஞ்சம் தள்ளிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். முள் எந்தப் பக்கமும் இழுபடவில்லை. கையால் திருப்பினார். திருப்பிய இடத்தில் நின்றது.

வீட்டிலிருந்து அந்த மஞ்சள் சேலையை எடுத்துவந்து எலும்பை அதில் கட்டி இறக்கி, அவர்களுடைய கொல்லையிலேயே புதைத்தார்கள். பதினாறாம் நாள் தைலம்மாள் தாலியைக் கழற்றினாள். கல்லில் பெயர் வெட்டினார்கள். அதற்கு முன்பே நாராயணசாமி கழி கழியாக ஏறித் தெருக்கொடிகளை எல்லாம் இறக்கினார். சங்கத்தில் கேட்டதற்கு, துவைக்க வேண்டும் என்றார். மற்றவர்கள் பிறகு தங்கள் வீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். அவர் வீட்டுக் கழி வெறுமனே நின்றது.

பிலிப்பு எல்லா அளவுகளையும் அலுவலகத்துக்கு அனுப்பினார். நாடு முழுவதற்குமான வரைபடம் அது. உள்ளூர்க் கோளாறு என்று மேலதிகாரி அவற்றை நீக்கினார். அச்சான படத்தில் கோடுகள் கல்வராயன் மலைமேல் எதுவும் நடக்காததுபோல் வழவழப்பாகப் போகின்றன. பிலிப்பு வேலையில் இருந்தவரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அணைக்கருகிலிருந்த அந்த அளவுக்கல்லுக்கு வந்தார். கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு முள்ளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தைலம்மாள் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போனார்.

முள் வடக்குக்குத் திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள். திரும்பவில்லை. கச்சிராயபாளையத்தில் அது இப்போது எதையும் தேடுவதில்லை. துணிக்கடைக்காரர் வெயிலைப் பார்த்துத் தரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். காந்த ஊசியைத் தொங்கவிட்டால் எந்தத் திசையில் நிற்கும் என்று பள்ளிக்கூடப் பரீட்சையில் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். விட்ட பக்கம் என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண் உண்டு.