தோல் கெடாத வெடி

சம்பந்தி வீட்டார் வருவதற்கு முதல் நாளே நான் வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். இயக்கம், ஆமி, செத்தவீடு என்று ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. "சம்பந்தி மனிசன் சாப்பிட்டிட்டுப் போகுமட்டும் நாங்கள் எல்லாரும் இந்த லண்டன் ஹரோவிலைதான் பிறந்தனாங்கள். விளங்கிச்சுதோ?" என்றேன். என் கணவர் சற்குணம் தலையாட்டினார். மகள் றொஷானி, "எப்பவும் அந்தக் கதையைத் தொடங்கிறது நீங்கள்தான் அம்மா," என்றாள். உண்மைதான். அதனால்தான் சட்டம் போட்டேன்.

சம்பந்தம் பேசுகிற வீட்டில் செத்தவர்களின் கதை எடுக்கக்கூடாது, கண்ணீர் விடக்கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம். லண்டனுக்கு வந்து எத்தனையோ வழக்கங்களைக் கைகழுவியாயிற்று. இதை மட்டும் நான் விடுவதாக இல்லை. எனக்கு இருப்பது ஒரே மகள்.

எனக்கு இருந்ததும் ஒரே தம்பி. பிரியந்தன். சண்டைக் காலத்தில், ஊரில் மண்ணெண்ணெய் வாங்கப் போன இடத்தில் ஆமிக்காரன் சுட்டது. கூடப் போனவர் சற்குணம். அப்போது அவர் அடுத்த ஒழுங்கைப் பெடியன், அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவர்தான் உடலை வண்டிலில் கொண்டுவந்து இறக்கினார். இடது நெஞ்சுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவு துளை. "சின்னக் காயம்தான். உடனை போயிட்டான், அவனுக்கு ஒண்டும் தெரியாது," என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன். சொன்ன ஆளையே கலியாணமும் கட்டினேன். என் தம்பிக்கு நோகவில்லை. என்னிடம் வேறு ஆறுதல் இல்லை.

றொஷானி பிடித்து வைத்திருக்கிற ட்ரெவிஸ் அமெரிக்கன், மொன்டானாக்காரன். அவளோடு ஒரே அலுவலகம். பெடியன் வாய் திறக்கமாட்டான். கேட்டால் சிரிப்பான். மனதில் என்ன இருக்கிறதென்று தெரியாதவனுக்குப் பெண்ணை எப்படிக் கொடுப்பது? நான் பிடிகொடுக்காமல் இருந்ததால் தகப்பன் வெய்ன் விமானம் ஏறி வந்திருந்தார். தாய் இல்லை.

வெய்ன் ஆறடிக்கு மேல். எங்கள் முன்னறை சோஃபாவில் இருந்து அவர் காலை நீட்டினால் டிவி மேசையில் முட்டுகிறது. நான் ஜன்னலோரம் ஸ்டூலில் இருந்தேன். அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போவதென்றால் அந்தக் காலிரண்டையும் கடந்தாக வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. மனிதர் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். விருந்தாளி சும்மா இருந்தால் எனக்குப் பொறுக்காது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டவளும் நானேதான். சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்குகிற டில்லில் இருந்து பழகிய இங்கிலீஷில், உங்கள் ஊரில் பொழுது எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"பொப்காட்," என்றார் வெய்ன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

பொப்காட் என்பது அந்தப் பக்கத்துக் காட்டுப்பூனையாம். கட்டை வால், புள்ளித் தோல். பனிக்காலத்தில் சுட்டு, உரித்து, தோலை விற்பார்கள். தோலில் பெரிய ஓட்டை விழுந்தால் ஒருவனும் வாங்கமாட்டான். ஆகவே எந்தத் துவக்கு, எந்தத் தோட்டா என்பதில்தான் முழுக் கெட்டித்தனமும். வருகிற பனிக்காலத்துக்கு அவர் புதிதாக ஒன்று வாங்கப்போகிறார். எதை வாங்குவதென்று தகப்பனுக்கும் மகனுக்கும் இன்னும் தீராத சண்டை.

"தேத்தண்ணி குடிப்பமே?" என்று சற்குணம் இடையில் புகுந்தார். ஒருவரும் கவனிக்கவில்லை.

".22 மக்னம் துவக்கு நல்ல சாமான்," என்றார் வெய்ன். "ஆனால் பூனை கிட்ட வரவேண்டும். எங்கள் மலையில் வராது. அதனால் .223 வாங்கப்போகிறேன். உண்மையில் துவக்கு பெரிய விஷயமில்லை, குண்டுதான். முழுக்கச் செம்பு மூடின குண்டு, ஆமிக்காரர் பாவிக்கிற மாதிரி. அது உடம்புக்குள் போய் விரியாது. சின்னத் துளையால் போய் மற்றப் பக்கம் சின்னத் துளையால் வரும். இரண்டு தையல் போட்டால் சரி." போனை என்னிடம் நீட்டினார். பலகையில் விரித்துக் கட்டிய ஒரு தோல். "துளை எங்கே என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!"

நான் தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முழுதையும் சொல்லுங்கள் அப்பா," என்றான் ட்ரெவிஸ். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. "அந்தக் குண்டு பட்டால் பூனை விழாது. ஓடும்."

"கொஞ்சத் தூரம் ஓடும். அதற்கென்ன?"

"போனமுறை நீங்கள் காலையில் சுட்டது, இருட்டுகிற நேரம் பற்றைக்குள் உயிரோடு கிடந்தது. நான்தானே கண்டெடுத்தேன்? பாரமில்லாத, வேகமான குண்டு என்றால் உள்ளே போனதும் சிதறும். நின்ற இடத்திலேயே முடிந்துவிடும்."

"எலும்பில் பட்டால் தோல் கிழிந்துபோகும்."

"கிழியட்டும்!"

போதும், நிறுத்துங்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஏன் நிறுத்தவேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? வாயைக் கட்டிப்போட்ட சட்டம் நான் போட்டது. வெய்னின் கால்கள் டிவி மேசை மட்டும் நீண்டு கிடந்தன. றொஷானி என்னைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கோ அம்மா என்பதுபோல் சிரித்தாள். அந்தத் துளையைப் பற்றி அவளுக்கு நான் சொன்னதில்லை. நான் சற்குணத்தைப் பார்த்தேன். அவர் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சில் பட்டாலும் உடனே சாகாதா?" என்று கேட்டேன்.

"சுவாசப்பையில் மட்டும் பட்டால் நேரம் எடுக்கும், மேடம்," என்றார் வெய்ன் மிகவும் மரியாதையாக. "ஆனால் நீங்கள் யோசிக்கவேண்டாம். தோலுக்கு ஒன்றும் ஆகாது."

பாயாசம் கொண்டுவருகிறேன் என்று எழும்பினேன். அவர் காலை மடக்கும்வரை நின்று, குசினிக்குள் போனேன். சற்குணம் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு நேரம்?" என்றேன்.

"நகுலா, இண்டைக்கு வேண்டாம்."

"எவ்வளவு நேரமெண்டு கேக்கிறன்."

அவர் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டார். முன்னறைக்குக் கேட்கக்கூடாதாம். "பின்னேரம் பட்டது. விடியப்புறம்தான் போனவன்."

"ஓடினவனோ?"

"வேலிக்கரை மட்டும் ஓடினவன். பிறகு நான் தூக்கிக்கொண்டு ஒரு வெறும் வீட்டுக்குள்ளை போனன். ஒரே ஷெல் அடி. வெளிக்கிட ஏலாமல் போச்சு."

"கத்தினவனோ?"

"இல்லை. ஆமிக்குக் கேட்டிடுமெண்டு தன்ரை வாயைத் தானே பொத்திக்கொண்டு கிடந்தவன்."

"இத்தனை வருசமா எனக்குப் பொய் சொல்லியிருக்கிறியள்."

"அவன்தான் சொல்லச் சொன்னவன், நகுலா. 'அக்காட்டை உடனை போயிட்டான் எண்டு சொல்லுங்கோ அண்ணை' எண்டவன். கடைசியாக் கதைச்சது அதுதான்."

தம்பி மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வேதனையில் கிடந்தவனுக்கு என்னைப் பற்றி என்ன கவலை வேண்டிக்கிடக்கிறது? ஊர் கேட்கக் கத்தியிருக்கலாமே. நிலத்தில் விழுந்து குழறி அழவேண்டும் போலிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் சம்பந்தி இருந்தார். சற்குணத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடத் தொடங்கியது. நான் கைலேஞ்சியை எடுத்து அவர் முகத்தை அழுத்தித் துடைத்தேன். "இண்டைக்கு அழக்கூடாது," என்று உறுக்கினேன். பாயாசத்தைக் கிண்டி, கிண்ணங்களில் வார்த்து, தட்டில் அடுக்கினேன். இரண்டு கிண்ணத்தில் வழிந்துவிட்டது. துடைத்தேன்.

முன்னறையில் அவர்கள் இன்னும் குண்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனுக்குத்தான் முதல் கிண்ணம் கொடுப்பது முறை. அது வெய்னுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சிரித்தபடி கையை நீட்டினார். நான் அவர் காலைக் கடந்துபோய், முதல் கிண்ணத்தை ட்ரெவிஸின் கையில் வைத்தேன். றொஷானி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள்.

"தோல் போனால் போகட்டும் தம்பி," என்று அவனுக்குத் தமிழிலேயே சொன்னேன். "நீர் உம்மடை குண்டாலையே சுடும்."