மழை அறையில் நாற்பது நிமிடம்

சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு மிதிக்கிற வேலை. குளிர் அறையில் கையுறை, சூட்டு விளக்கின் கீழ் மெல்லிய சட்டை, குழாய் வைத்து மழை பெய்ய விடும் மழை அறையில் மழைக்கோட்டு. நிறுத்தி வைத்த சைக்கிளில் நாற்பது நிமிடம் மிதித்துவிட்டு, எங்கே குளிர்ந்தது, எங்கே கசிந்தது என்று எழுதித் தர வேண்டும். ஆறு வருடமாக மிதித்தும் ஓரடி நகரவில்லை என்று கணவன் கேலி செய்வான்.

அன்று மூன்றாவது கோட்டு. இருபதாவது நிமிடத்தில் இடது தோளில் ஊசிமுனை அளவுக்குச் சில்லென்றது. வியர்வையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அதற்குள் ஈரம் விலா வரை இறங்கிவிட்டது. அடுத்த கோட்டிலும் அதே இடம்.

தண்ணீர் புகாமல் தோள் தையலின் மேல் சூடுவைத்து டேப் ஒட்டுகிறவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. ஒரே வீடு. குளியலறைக் குழாயை யார் மூடாமல் போனது என்ற சண்டையில் பன்னிரண்டு நாளாகப் பேச்சில்லை. இதையும் எழுதினால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின கதைதான். எழுதாவிட்டால், எங்கோ மலைச்சாலையில் இறங்குகிற ஒருவன் நனைந்த குளிரில் விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியாமல் போவான். பேனாவைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் எழுதிவிட்டாள்.

தாள் போன கால்மணி நேரத்தில் நாத்தனார் வந்து நின்றாள். வேண்டுமென்றே எழுதியதாகச் சண்டை போடுவாள் என்று இவள் நினைத்தாள். அவளோ ஒரு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டாள். ஐம்பது வயது, இரண்டு முழங்காலிலும் வலி. மழை அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று இவள் இறங்கச் சொல்லிக் கைகாட்டியும் இறங்கவில்லை. முழு நாற்பது நிமிடம்.

கோட்டைக் கழற்றியபோது உள்சட்டை தோளோடு ஒட்டிக் கிடந்தது.

"சரியாத்தான் எழுதியிருக்க," என்றாள் மூச்சு வாங்க. "மெஷின்ல சூடு ஏறலன்னு நாலு நாளா சொல்றேன். சமாளிங்கன்னுட்டாங்க."

"எனக்குத் தெரியாதே அண்ணி."

"எப்படித் தெரியும்? நாமதான் பேசிக்கறதில்லையே."

இருவரும் சேர்ந்தே மேற்பார்வையாளரிடம் போனார்கள். நனைந்த சட்டையோடு ஒருத்தி எதிரே நிற்கும்போது அவரால் மழுப்ப முடியவில்லை. மெஷினைச் சரிசெய்ய ஆள் வந்தது. ஆனால் நாலு நாள் ஒட்டிய டேப்பையெல்லாம் உரித்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. மிதித்து முடித்த நேரத்தில் இவளும் போய் உட்கார்ந்து உரித்தாள். நகக்கண்ணெல்லாம் எரிந்தது.

மூன்றாம் நாள் மாலை ஒரு கோட்டு கடைசிவரை கசியவில்லை. சந்தோஷப்படக்கூட யாருக்கும் தெம்பில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த நாத்தனார், ராத்திரி சமையலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"வேணாம் அண்ணி. உங்க தம்பிக்கும் ரெண்டு கை இருக்கு."

நாத்தனார் கண்ணை மூடியபடியே சிரித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் தூங்கியும் போனாள்.