பக்கத் தகட்டில் நான்கு வரிகள்

காலை ஏழு ஐம்பதுக்கு மகாலிங்கம் என் வீட்டு மணியை அடித்தார். ஐந்து மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. அப்படியும் முதலில் கதவைத்தான் பார்த்தார்.

“பேர் வெட்டுறவளின்ர கதவிலை பேர் இல்லையே, பிள்ளை.”

“தபால்காரனுக்குத் தெரியும், அண்ணை.”

உள்ளே வந்து, கேட்காமலே கதிரையில் இருந்தார். என் தம்பி கலைமாறன் கோப்பை கழுவும் உணவகத்தில் அவர் தலைமைச் சமையல்காரர். பாரிசுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம். பழைய மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவர். அந்த முன்னாள் பதவியை ஒன்பது வருடங்களாக வகிக்கிறார்.

சன்னலோரம், இறப்பர் விரிப்பின் மேல், என் சி.என்.சி. இயந்திரம் நின்றது. ஒரு மைக்ரோவேவ் அளவு. கணினியில் வரைவதை அது உலோகத்தில் வெட்டும். லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் விற்கும் குத்துவிளக்குகளும் வெள்ளித் தட்டுகளும் என்னிடம்தான் வரும். ‘அன்பளிப்பு’ என்று தொடங்கிக் கொடுத்தவர், மனைவி, பிள்ளைகள், ஊர். மணமக்களின் பெயரை ஒருவரும் வெட்டச் சொன்னதில்லை.

மகாலிங்கம் ஒரு குசினித் துவாயை விரித்தார். உள்ளே இரண்டு உருக்குத் தகடுகள். உள்ளங்கை நீளம், மெல்லிய வளைவு, வேலைப்பாடு எதுவும் இல்லை.

“என்ன எண்டு தெரியுதோ?”

“துவக்கின்ர பக்கத் தகடு.”

“பாத்தியே. வன்னிப் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை.”

“நான் கிளிநொச்சியிலை கணக்குப் படிப்பிச்சனான், அண்ணை.”

“ஓமோம். அங்கை ஆரைக் கேட்டாலும் கணக்குத்தான் படிப்பிச்சவை.”

சிரித்தார். நான் தகட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

அந்தத் துவக்கு, ஒரு வேட்டைத் துப்பாக்கி, அவருடைய முதலாளியுடையது. பத்ரோன் என்றுதான் உணவகக் குசினியில் எல்லோரும் சொல்வார்கள். பெயர் அல்பிரட். எழுபது வயது. உணவகத்தை விற்றுவிட்டார். யூன் முப்பதாம் திகதி கடைசி நாள். பிறகு ஊரோடு போய்ப் பறவை சுடப் போகிறார். குசினியில் நிற்கும் ஏழு பேரும் சேர்ந்து அவருடைய துவக்கில் சித்திரம் வெட்டிக் கொடுப்பதாக முடிவு. அவருடைய மனைவி மதலேன், அவருக்குத் தெரியாமல், ஆயுதக் கடையில் தகடுகளைக் கழற்றுவித்துக் கொடுத்திருந்தாள். வேட்டைச் சஞ்சிகை ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தையும் கிழித்துக் கொடுத்திருந்தாள். நீண்ட அலகுள்ள பறவை ஒன்று, காய்ந்த இலைகளுக்குள் பதுங்கியிருந்தது. நல்ல படம்.

“இந்தக் குருவியை ஒரு பக்கத்திலை போடு. பிரெஞ்சுக்காரருக்கு அது. மற்றப் பக்கம் எங்களுக்கு.”

அவர் நீட்டியது கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம். முன்பக்கத்தில் அவருடைய படம். பின்பக்கத்தில் பேனையால் நான்கு வரிகள்.

அன்பளிப்பு
திரு. திருமதி செ. மகாலிங்கம் (சமாதான நீதவான்)
முன்னாள் தலைவர், பழைய மாணவர் சங்கம்
95200 சார்செல்

நான் இரண்டு தரம் வாசித்தேன்.

“ஏழு பேர் எல்லோ குடுக்கிறது?”

“ஏழு பேரையும் போட்டா எழுத்துச் சின்னனாப் போகும். ஆரும் வாசிக்கேலாது.”

“இப்பவும் ஆரும் வாசிக்கேலாது, அண்ணை. தமிழ் தெரிஞ்ச ஆக்களோடையோ அவர் வேட்டைக்குப் போறவர்?”

அவர் யோசித்தார். அதை ஒரு தொழில்நுட்பக் கேள்வியாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

“கொஞ்சம் பெரிசாப் போடு,” என்றார்.

“தகட்டின்ர உள்பக்கத்திலை போடலாம். வடிவா இருக்கும்.”

“உள்ளுக்கை போட்டா ஆர் பாக்கிறது?”

“தபால் இலக்கத்தையாவது விடுவம்.”

“அது கட்டாயம் வேணும், பிள்ளை. பக்கத்து ஊர் கார்ஜிலையும் ஒரு செ. மகாலிங்கம் இருக்கிறான். அவன் குடுத்தது எண்டு நினைச்சுப்போடுவினம்.”

“ஆர் நினைக்கிறது? பத்ரோனோ?”

அவர் எழுந்தார். சட்டையை இழுத்து விட்டார்.

“கலைமாறன்ர பேப்பரை நான் மறக்கேல்லை. விருந்தண்டு நானே கையெழுத்து வாங்கித் தாறன். நீ சனிக்கிழமைக்குள்ளை இதை முடி.”

அதைச் சொல்லத்தான் அவர் ஐந்து மாடி ஏறியிருந்தார்.

கலைமாறனுக்கு விசா இல்லை. ஆறு வருடங்களாக வரிச்சீட்டும் சம்பளச்சீட்டும் சேர்த்து வைத்திருக்கிறான். விசா கொடுக்கும் பிரிபெக்சர் அலுவலகத்தில் கொடுக்க இன்னும் ஒன்றுதான் வேண்டும்: இவன் என்னிடம் வேலை செய்கிறான் என்று முதலாளி கையெழுத்திட்ட படிவம். பத்ரோன் கையெழுத்திடுவதாகச் சொல்லி ஒரு வருடம். மறதிக்காரர். புதிய முதலாளி விசா இல்லாதவர்களை வைத்திருக்கப் போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டார். ஆகவே முப்பதாம் திகதிக்கு முன் அந்தக் கையெழுத்து. இல்லாவிட்டால் இன்னுமொரு ஆறு வருடம், வேறொரு குசினி.

பறவையை முதலில் வெட்டினேன். தகடு தட்டையில்லை. இயந்திரம் அறுபது இடங்களில் தொட்டுத் தொட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டது. உருக்கு கடினம். இரண்டு வெட்டுமுனைகள் உடைந்தன. மூன்றாவது தாங்கியது. இலைகளின் நரம்பு, அலகு, கண்ணைச் சுற்றிய வட்டம். பத்து மணிநேரம். கீழ்வீட்டுக்காரி இரண்டு தரம் தும்புத்தடியால் தன் கூரையில் இடித்தாள். பறவை நன்றாக வந்தது.

பிறகு மற்றத் தகடு.

கணினியில் கிடைக்கும் தமிழ் எழுத்துகள் உலோகத்துக்கு உதவாது. இயந்திரம் ஒவ்வொரு கோட்டையும் இரண்டாக வெட்டும். சுழிகள் அடைந்துபோகும். அதனால் மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாரிகாலம் முழுக்க இருந்து, ஒற்றைக் கோட்டில் எல்லா எழுத்துகளையும் நானே வரைந்தேன். அவை அழகான எழுத்துகள். அவற்றால் இதைவிட அற்பமான ஒன்றை நான் வெட்டியதில்லை.

மாற்றியிருக்கலாம். தபால் இலக்கத்தை விட்டிருக்கலாம். பதவிகளைச் சிறிதாக்கி இலைக்கொடி ஒன்றுக்குள் மறைத்திருக்கலாம். அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. கண்ணாடி போடாமல்தான் வருவார். கண்ணாடி போட்டால் வயது தெரியுமாம்.

நான் மாற்றவில்லை. சொன்னது சொன்னபடி வெட்டினேன். வழக்கமான ஆழத்தைவிட இரண்டு மடங்கு ஆழமாக, எந்த மெருகாலும் அழிக்க முடியாதபடி. என்றைக்காவது ஒருநாள் யாராவது அதை வாசிக்க வேண்டும் என்று விரும்பினேன். மகாலிங்கம் அப்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்றும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கலைமாறன் வந்தான். தகட்டை எடுத்து வாசித்துச் சிரித்தான். பிறகு கட்டிலில் இருந்தான்.

“அக்கா, இலக்கத்தையும் போட்டிருக்கிறியள்.”

“சொன்னவர். போட்டன்.”

“பத்ரோன் என்ன எண்டு கேட்டா?”

“கேக்கட்டும். அவர் சொல்லட்டும்.”

“அவர் சொல்லமாட்டார். ஏதாவது கதை விடுவார். அந்தாளுக்குப் பொய் பிடிக்காது, அக்கா. பன்ரண்டு வருசம் நிண்ட ஒருத்தனை ஒரு வைன் போத்திலுக்காக நிப்பாட்டினவர். உடைச்சதுக்கில்லை. உடைக்கேல்லை எண்டு சொன்னதுக்கு.”

நான் இயந்திரத்தின் கீழிருந்த உருக்குத் தூளைக் கூட்டினேன்.

“வேற தகடு இருக்கோ?”

“இல்லை.”

அவன் தகட்டைத் துவாயில் சுற்றினான். ஒரு மூலையை மடித்து, அதைத் திரும்பவும் மடித்தான்.

விருந்து சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, கதிரைகளை ஓரம் தள்ளிய கூடத்தில். என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். மேசையில் சீஸ் தட்டு, போத்தல்கள். அவற்றுக்கு நடுவே, ஒரு தண்ணீர்க் கோப்பையின் கீழ், கலைமாறனின் படிவம். பத்ரோன் பேனையைத் திறந்துவிட்டார். அப்போதுதான் மதலேன் துவக்கைக் கொண்டுவந்தாள். பேனையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தார்.

தகடுகள் திரும்பவும் பூட்டப்பட்டிருந்தன. பறவையைப் பார்த்ததும் துவக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரலால் அலகைத் தடவினார். அந்த ஒரு நிமிடம் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு துவக்கைத் திருப்பினார்.

“இது?”

மகாலிங்கம் முன்னால் வந்தார். கோட் போட்டிருந்தார். யூன் மாதத்தில். முப்பத்திரண்டு வருடம் பேசியும் திருந்தாத பிரெஞ்சில், இது தமிழில் மிகப் பழைய ஆசீர்வாதம் என்றார். கைக்குக் களைப்பு வராது, கண்ணுக்கு மங்கல் வராது, வீட்டில் தானியம் குறையாது. கோயிலில் மட்டும் சொல்வது. சொல்லும்போது அவருக்கே குரல் தழுதழுத்தது. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

“அப்படியா, கலை?” என்றார் பத்ரோன்.

கலைமாறன் படிவத்தைப் பார்த்தான். மகாலிங்கத்தைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

மற்ற ஐந்து பேரும் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவன் அவர்களில் ஒருவனும் இல்லை.

பத்ரோன் கண்ணைத் துடைத்தார். துவக்கை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். படிவத்தை இழுத்து, பெயர் எழுதும் இடத்தில் பெயரை எழுதினார். திகதியை எழுதினார். மகாலிங்கம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், எல்லாவற்றையும் தானே முடித்துத் தந்ததுபோல.

அடுத்த கட்டம் கலைமாறனின் விலாசம். அவனுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருப்பது மகாலிங்கத்தின் மைத்துனர். அவர் வீடும் சார்செல்லில். பத்ரோன் விலாசத்தை எழுதிக்கொண்டு போனார். தெரு. கட்டிட எண். பிறகு ஐந்து இலக்கங்கள். ஐந்தாவதை எழுதி முடித்ததும் பேனை நின்றது.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மடியில் கிடந்த துவக்கைப் பார்த்தார். திரும்பவும் படிவத்தைப் பார்த்தார்.

கூடத்தில் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. கலைமாறனை அவர் கேட்கவில்லை, மகாலிங்கத்தையும் இல்லை.

“வெட்டியது நீங்கள்தானே, மதாம்?”

“ஓம்.”

“பிள்ளை,” என்றார் மகாலிங்கம் தமிழில், சிரித்த முகம் மாறாமல். “நல்லதா ஏதாவது சொல்லிவிடு.”

கலைமாறன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்களில் சவர்க்காரம் தின்ற வெடிப்புகள் தெரிந்தன. கையெழுத்திடும் கட்டம் வெறுமையாக இருந்தது.

பத்ரோன் பேனையின் பின்முனையை நான்காவது வரியில் வைத்தார்.

“இந்த ஆசீர்வாதத்தில், மதாம், சார்செல்லின் தபால் இலக்கம் எதற்கு?”