சிவப்புத் தட்டில் வெள்ளைப் புள்ளிகள்

அண்ணன் பிடுங்கி வந்த சோயாச் செடியை என் மேசையில் தொப்பென்று போட்டான். இலையெல்லாம் வெளிறிக் கிடந்தது. வேரில் பேருக்குக்கூட ஒரு முடிச்சு இல்லை.

"நாப்பது நாள் ஆச்சு. உங்க பாக்கெட்ல இருந்தது கிருமியா, வெறும் கரியா?"

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியை வளர்த்து, கரித்தூளில் கலந்து, பாக்கெட்டில் அடைக்கிறோம். விதையோடு மண்ணுக்குள் போனால் வேரில் முடிச்சு கட்டிக் குடியேறும். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். அந்த நாணயம் நமக்கு எங்கே இருக்கிறது?

கலந்து அடைத்துச் சீல் வைப்பவள் சீல் அக்கா. பதினாறு வருஷமாக அதே இடம். ஆவியில் வேகவைத்த கரித்தூள் ஆறுவதற்குள் கிருமியைக் கொட்டிச் சாகடித்துவிட்டாள் என்று மேலாளர் அவள்மேல் பாய்ந்தார்.

"அதே சரக்குல ஒரு பாக்கெட் ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கோம்ல சார்? அதச் சோதிச்சுட்டு என்னை வேலையை விட்டு அனுப்புங்க. இவளே பாக்கட்டும். இவ பொய் எழுத மாட்டா" என்று என்னைக் கை காட்டினாள்.

விதைத்த அன்று விதையில் கிருமி ஒட்டுவதற்கு மாவுப் பசை காய்ச்சியது நான்தான். மேகம் திரண்டு நின்றது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று வரப்பிலிருந்து அண்ணன் பறந்தான். ஆவி பறக்கப் பறக்கக் கிருமியைக் கொட்டிக் கலக்கினேன். பத்து வருஷமாக இதே வேலை செய்கிறவளுக்குச் சூடு ஆகாதென்று தெரியாதா? தெரியும். ஒன்றும் ஆகாது என்று ஓர் அசட்டுத் துணிச்சல்.

ஐந்தாம் நாள் சோதனைத் தட்டைத் திறந்தேன். சிவப்புத் தட்டு முழுக்கப் பால்வெள்ளைப் புள்ளிகள். அத்தனையும் உயிர். ஒழுங்காகத்தான் அடைத்திருக்கிறாள், பாவி.

இதை எழுதினால், அப்புறம் எங்கே செத்தது என்று அண்ணன் கேட்பான். என் வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு பிள்ளைகளோடு அவன் வீட்டில்தான் ஒண்டியிருக்கிறேன். அண்ணி முகத்தை ஏற்கெனவே பார்க்க முடியவில்லை. அந்த வயல்தான் எங்கள் எல்லோருக்கும் வருஷத்துச் சோறு.

தட்டில் கொதிநீரை ஊற்றினேன். 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சீல் அக்கா தாளை இரண்டு தரம் படித்தாள். என்னைக் கிழிகிழி என்று கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் தேவலை.

"நீ பாத்தா சரியாத்தான்டி இருக்கும். எனக்கே தெரியாம ஆறுறதுக்குள்ள கொட்டிட்டேன் போல." மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த விதைப்பிலும் மழை விரட்டியது. பசைப் பாத்திரத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கலக்கேன்! எதுக்குக் காத்துக்கிட்டிருக்க?" என்று அண்ணன் கத்தினான்.

"ஆறட்டும்."

அவன் முகம் மலர்ந்தது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். "பாத்தியா? அந்த சீல் அக்காவுக்கு இந்தப் பொறுப்பு இருந்திருந்தா, போன தடவை நாம தப்பிச்சிருப்போம்."