சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தால் மிக்ஸி ஒன்றும் சொல்வதில்லை. தையல் மெஷினும் சொல்வதில்லை. ஸ்கூட்டர் பாவம், எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு அதன் பாட்டுக்கு ஓடும். பானுமதி வீட்டில் கம்ப்யூட்டர் மட்டும்தான் கோபித்துக்கொண்டது.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில்தான் பட்டனை அழுத்தினாள். விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் திரை கறுப்பாகவே நின்றுவிட்டது. வெள்ளை எழுத்தில் இங்கிலீஷ் வரி ஒன்று. எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஹார்ட் டிஸ்க் இல்லையாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்த டிஸ்க் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து எங்கே போகும்? அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே வரிதான் வந்தது.

அது மகன் வளவனின் கம்ப்யூட்டர். காலேஜில் படிக்கும்போது உதிரி உதிரியாக வாங்கி அவனே பூட்டியது. அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஜோஸ்வினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, அவன் அப்பா ஜெயக்குமார், "இனிமே இந்தப் படியை மிதிக்காத" என்றார். "நீங்களா வாயைத் திறந்து கூப்பிடுற வரைக்கும் மிதிக்க மாட்டேன்" என்றான் அவன். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. இருவரும் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். நடுவில் மத்தளம் மாதிரி பானுமதிக்கு இரண்டு பக்கமும் இடி.

லண்டனுக்குப் போயிருந்தாலாவது லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பையன் இருப்பது இதே ஊரில், புத்தூரில். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற வேலை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் ஏறினால் பேச்சு முடிவதற்குள் வந்துவிடும். போனாள், போகாமல் இல்லை. ஜோஸ்வின் நல்ல பெண், "உக்காருங்க அத்தை" என்று டீயும் முறுக்கும் கொடுத்தாள். மகன் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டு வருவதில் பானுமதிக்கு மனசு ஆறவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. அவன் இந்த வீட்டுக்கு வரவேண்டும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று கத்தவேண்டும். கதவை மூடுடா என்று அவள் திட்டவேண்டும்.

ஜெயக்குமாருக்கு மட்டும் ஏக்கம் இல்லையா என்ன? ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்த நேரம், பக்கத்திலேயே வளவனும் ஜோஸ்வினும் பைக்கில் வந்தார்கள். ஜன்னலோரம் அவர்தான் இருந்தார். பைக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஜன்னலிலிருந்து கழுத்தைத் திருப்பவில்லை. "ஹெல்மெட் போடாம போறான் பாரு" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பானுமதி வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டு மகனின் போட்டோக்களைப் பெரிதாகப் பார்ப்பாள். இப்போது அதுவும் போயிற்று. தெருமுனைக் கடைக்காரர் போனிலேயே கையை விரித்துவிட்டார்: "புது டிஸ்க் போட்டுடலாம்மா. பழசுல இருந்ததெல்லாம் போச்சுன்னு வச்சுக்குங்க." நல்ல நாளும் அதுவுமாக வாயில் வருகிற பேச்சைப் பார். போனை வைத்துவிட்டு வளவனைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, வேலையா இருக்கேன்" என்றுதான் ஆரம்பித்தான். விஷயத்தைக் கேட்டதும் குரல் மாறியது. "ஆன் பண்ணின உடனே எஃப் டூவைத் தட்டிக்கிட்டே இரு. நீல ஸ்கிரீன் வரும். அதுல டிஸ்க் பேர் ஏதாவது இருக்கா பாரு."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டினாள். நீலம் வந்தது. "நாட் டிடெக்டட்னு போட்டிருக்குப்பா."

"சரி, பெட்டியோட பக்கத் தகட்டைக் கழட்டு. உள்ள டிஸ்க் சுத்துற சத்தம் வருதான்னு காது வச்சுக் கேளு."

லீவு நாளில் பேப்பர் படிப்பதாகப் பெயர் பண்ணிக்கொண்டிருந்த ஜெயக்குமார் அப்போதுதான் எழுந்து வந்தார். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சுத்துகிற எதுவானாலும் தானே பார்க்கவேண்டும் அவருக்கு. மனைவியை ஒதுக்கிவிட்டுத் தகட்டைக் கழட்டி, குனிந்து காதை வைத்தார். "சுத்துது, பேரிங் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு."

சொல்ல வேண்டிய தேவையே இல்லை. போன் மேஜை மேல் கிடந்தது, ஒருவர் பேசுவது மற்றவருக்கு நேராகவே கேட்டது. ஆனாலும் வளவன், "பேரிங் பத்தி யாரும் கேக்கல. டிக் டிக்னு அடிக்குதான்னு கேளும்மா" என்றான்.

"அடிக்கலைன்னு சொல்லு."

"அப்ப கரண்ட் போகுது. டேட்டா கேபிள்தான் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கிட்டுப் பாக்கச் சொல்லு. சிவப்பா, பட்டையா ஒண்ணு இருக்கும்."

"நான் முப்பது வருஷமா வேலை பாக்குறவன். பிளக்கைப் பிடுங்கணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லு."

"தெரியுமாம்ப்பா" என்றாள் பானுமதி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எத்தனை நாளாயிற்று இந்த வீட்டில் இரண்டு பேரும் சண்டை போட்டு!

டார்ச் அடித்துப் பார்த்த ஜெயக்குமார், "ஏய் பானு, என்ன இது?" என்றார். ஹார்ட் டிஸ்கின் நெற்றியில் அகலமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். சந்தனம் வழிந்து சிவப்புக் கேபிளின் வாய்க்குள்ளேயே இறங்கிக் காய்ந்திருந்தது. கேபிளும் பாதிதான் உட்கார்ந்திருந்தது.

"அது... பூஜைக்குத் துடைக்கும்போது பக்கத் தகட்டையும் இந்த வயரையும் கழட்டினேன். அவன் மேலாக்கதான் வைப்பான். உசிரு உள்ளதானே இருக்குன்னு நான் உள்ளயும் வச்சேன்."

போனில் வளவன் சிரிக்க ஆரம்பித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தான். ஜெயக்குமார் டார்ச்சைப் பிடித்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றார். உதட்டோரம் கொஞ்சம் அசைந்ததைப் பானுமதி பார்த்தாள்.

"தண்ணி படக்கூடாது. காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுக்கச் சொல்லும்மா. குத்தக் கூடாது."

ஒரு புது டூத் பிரஷ்ஷைப் பிரித்துக் கொடுத்தாள். அவர் துளித்துளியாகச் சுரண்டி, ஊதி, கேபிளைக் 'க்ளிக்' என்று சத்தம் வரும்படி அழுத்தினார். "முடிஞ்சுதுன்னு சொல்லு."

முடிந்தது என்ற சொல் பானுமதிக்குச் சுருக்கென்றது. இது ஓடிவிட்டால் அவன் போனை வைத்துவிடுவான். அடுத்த போன் தீபாவளிக்கு, அதுவும் இரண்டு நிமிஷம். பிளக்கைச் சொருகிப் பட்டனை அழுத்தும்போது, வேலை செய்யக்கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டாள்.

சாமி கேட்கவில்லை. திரை வெளிச்சமானது. ஸ்பீக்கரிலிருந்து விண்டோஸ் தொடங்குகிற இசை கணீரென்று வந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"வரலப்பா" என்றாள் பானுமதி.

எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாள் பாருங்கள்! எதிரே அத்தனை ஐகானும் வரிசையாக வந்து நிற்கிறது.

"சத்தம் கேட்டுச்சேம்மா."

அவளுக்குக் கண் நிறைந்துகொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜெயக்குமார் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, தானே பார்த்துப் பார்த்துச் சொருகிய அந்தச் சிவப்புக் கேபிளைப் பிடுங்கினார். திரை அப்படியே உறைந்தது.

நிமிர்ந்து போனைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வளவா, வரலடா. எனக்கு இது பிடிபடல. நீங்க ரெண்டு பேரும் வந்து பாருங்க."

"சரிப்பா" என்றான் வளவன். "சாயங்காலம் வரோம்."

பானுமதி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "சாப்பிட்டுட்டு வந்து நிக்காதீங்கடா!"